மெர்வின் அண்ணன் பாடின சனிக்கிழம

குந்துங்க சார், பரவால்ல, நான் நகந்துக்கறேன். பெஞ்சி இன்னா என் மாமனார் சீதனமா குடுத்தாரு? திருவள்ளூர் வண்டிக்கா? ஞாயித்துக்கெழமல்ல, அது பொறுமையா பல்லு வெளக்கி, தல குளிச்சி, சாம்பிராணி போட்டுக்கினு தான் வரும். அது இன்னா மடியில, குக்கரா? தங்கச்சி வூட்டுக்கா? இவ்ளோ இறுக்கிப் புடிக்காதீங்க சார், எவன் தூக்குவான், ஓடும்போதே விசில் அடிச்சி மாட்டி வுட்டுடும்.

நானா? நான் எங்கியும் போவல. நான் வந்து எறங்கிட்டேன். ஒம்போதே காலுக்கு எறங்கினேன். இப்ப மணி இன்னா, பத்தே முக்காலா? பாருங்க. அந்தப் படிக்கட்டு ஏறி அந்தாண்ட எறங்கினா பத்து நிமிசம் நட, மெர்வின் அண்ணன் வூடு. பத்து நிமிச நடைக்கு ஒன்ற மணி நேரமா கால நீட்டி குந்தினு இருக்கேன். கேட்டா கால் வலின்னு சொல்லுவேன். கால் வலின்னே வச்சிக்குங்க.

சார், உங்கள பாத்தா ஞாயமான ஆளா தெரியுது. ஒண்ணு கேக்கறேன், நடுவுல நின்னு சொல்லுங்க. அவரு ஒரு ரிக்கார்டு கேட்டிருக்காரு. அவரு பாடினது. எடுத்தாந்திருக்கேன், இந்தா சட்டப் பையில பென் டிரைவு. இத்த குடுக்கறதா, இப்டியே வண்டி ஏறி திரும்பிப் போறதா? அவ்ளோ தான். ஆனா கதைய கேக்காம தீர்ப்பு சொல்லக் கூடாது, அது கோர்ட்டுல தான் நடக்கும்.

நம்ம பேரு தணிகாசலம். புளியந்தோப்பு. படிப்பு மூணாங்கிளாசு. அந்த மூணாங்கிளாசுலயே ரெண்டு வருசம் இருந்தேன், அவ்ளோ பாசம் அந்த கிளாசு மேல. அப்புறம் மைக் செட்டு. ஆடி மாசம் கூழு ஊத்தறது, காது குத்து, கட்சி மீட்டிங்கு, எல்லாம் நம்ம செட்டு தான். காலையில ஆளுங்கட்சி, சாயங்காலம் அதே மேடையில எதிர்க்கட்சி. பூனையாட்டம் கத்தறவன கூட சிங்கமா ஆக்கி வுட்ருவேன். எல்லாம் இந்த வெரல்ல இருக்கு சார், இந்த ரெண்டு வெரலு.

அப்டியே நுங்கம்பாக்கத்துல ஒரு ஓட்டலு, பேரு வேணாம், மூணாவது மாடியில பாரு. பாட்டுக் கச்சேரியோட பாரு. அங்க சவுண்டு ஆளு வேணும்னான், போனேன். பத்தொம்போது வருசம். நான் குடிக்க மாட்டேன் சார், சிரிக்காதீங்க. மூணாவது மாடியில நான் குடிச்சது பூரா எலுமிச்ச ஜூஸு. என் பொண்டாட்டி இன்னிக்கி வரைக்கும் நம்பல.

அங்க தான் மெர்வின் அண்ணன். ஆங்கிலோ இந்தியரு. ஆறடி ஒசரம், பகல்ல ரயில்வே ஆபீஸு, சாயங்காலம் ஒரு கறுப்புத் தொப்பி. மைக்க புடிச்சாருன்னா, குடிக்க வந்தவன் கிளாஸ கீழ வச்சிடுவான். பாருல கிளாஸ கீழ வைக்க வைக்கறது லேசுப்பட்ட காரியமா? என்னை டேனிம்பாரு. "தணிகாசலம் பெரிய பேரு மேன், நான் கூப்பிட்டு முடிக்கறதுக்குள்ள பாட்டே முடிஞ்சிடும்"பாரு.

அவரு பாடறது ப்ளூஸாம். எனக்கு ஒரு எழுத்து புரியாது. நானே பேரு வச்சிக்குவேன். ரயிலு பாட்டு, மழப் பாட்டு, பொண்டாட்டி ஓடிப்போன பாட்டு. அதுல பொண்டாட்டி ஓடிப்போன பாட்டே ஒம்போது இருக்கும். "இன்னாண்ணே, உங்காளுங்க யாருக்குமே பொண்டாட்டி நிக்காதா?"ன்னு கேட்டேன் ஒரு நாளு. சிரிச்சாரு. "இது கஷ்டப்பட்டவன் பாட்டு மேன். உள்ள வலிக்கும், பாடினா கொஞ்சம் கொறையும்"னாரு. அட, நம்ம பேட்டையில சாவு வூட்ல கானா பாடறான்ல, அதே தான். அவன் தெருவுல பாடறான், இவரு ஏசியில பாடறாரு. அன்னியிலேர்ந்து எனக்கு புரியலன்னாலும் புரியும்.

குரலு சாதா குரலு இல்ல. பொறக்கும்போதே கொஞ்சம் கொரகொரன்னு. ஆத்து மணல்ல சைக்கிள் போனா ஒரு சத்தம் வரும் பாருங்க, அப்டி. அந்த கொரகொரப்புக்குத் தான் கூட்டம். இத்த ஞாபகம் வச்சிக்குங்க. பின்னாடி எல்லாரும் என்னை கேக்கறாங்கல்ல, "தொண்ட கெட்டது உனக்குத் தெரியலயா"ன்னு. கொரகொரன்னு இருக்கறவரு இன்னும் கொஞ்சம் கொரகொரன்னு ஆனா எவனுக்குத் தெரியும்? நீங்களே சொல்லுங்க.

மொதல்ல நாலு பேரு வாசிச்சாங்க. டிரம்ஸு ஒருத்தர், பெரிய கிட்டாரு ஒருத்தர், சின்ன கிட்டாரு ரூபன், பாட்டு அண்ணன். நாலு வருசத்துக்கு முன்னாடி புது மேனேஜர் வந்தான், பிரகலாதன்னு. வந்ததும் "நாலு பேரு எதுக்கு, ரெண்டு பேரு போதும், மீதிய லேப்டாப்புல போட்டுக்குங்க"ன்னுட்டான். சரின்னு, டிசம்பர்ல பாருக்கு பெயின்ட் அடிக்க மூடி வச்சிருந்த மூணு நாளு, மத்தியானத்துல நாலு பேரையும் வரவழிச்சி எல்லாப் பாட்டையும் பதிஞ்சேன். டிரம்ஸு தனி, பெரிய கிட்டாரு தனி, அண்ணன் குரலு தனி. பெயின்ட் வாசனையில அண்ணன் தும்மிக்கினே பாடினாரு. ஆனா பாடினாரு பாருங்க... அந்த மாதிரி அவரு அதுக்கு முன்னாடியும் பாடல, பின்னாடியும் பாடல.

அன்னியிலேர்ந்து மேடையில அண்ணனும் ரூபனும் தான். டிரம்ஸும் பெரிய கிட்டாரும் என் லேப்டாப்புலேர்ந்து வரும். அதே லேப்டாப்புல அண்ணனோட அந்த டிசம்பர் குரலும் சும்மா படுத்துக்கினு கெடந்துச்சி. நான் தொடல. சத்தியமா தொடல. ரெண்டு வருசத்துக்கு மேல தொடல.

போன வருசம் ஈஸ்டர் முடிஞ்சி ஒரு நாளு. ரயிலு பாட்டுல மேல போற எடம் ஒண்ணு இருக்கு, எஞ்சினு ஊதற மாதிரி இழுப்பாரு. அன்னிக்கு இழுத்தாரு, பாதியில காத்தா போச்சு. ஒரு டேபிள்ல நாலு பசங்க சிரிச்சானுங்க. பிரகலாதன் நேரா என்கிட்ட வந்தான். "டேனி, ஆளு பழசாயிட்டாரோ? பேசாம டீஜே போட்டுடலாமா?"ன்னான். எனக்கு சுர்ருன்னு ஏறிச்சி. "உனக்கு தொப்ப போட்டுது, உன்ன மாத்துனாங்களா சார்?"ன்னு கேட்டுட்டேன். ஆனா உள்ளுக்குள்ள கலங்கிட்டேன். ரிட்டையர் ஆயிட்டாரு, பாட்டும் இல்லன்னா அந்த மனுசன் இன்னா பண்ணுவாரு? வூட்ல குந்தி பூனைக்கா பாடுவாரு?

அடுத்த வாரம் அந்த எடம் வரும்போது, ஒரு அஞ்சி செகண்டு, டிசம்பர் குரல மெதுவா தூக்கினேன். அவரோடத கீழ எறக்கினேன். தாளம் லேப்டாப்புலேர்ந்து தான போவுது, அப்டியே பொருந்திடிச்சி. ஒரு ஈ காக்கா கண்டுபுடிக்கல. ஜனம் தட்டிச்சி. அண்ணன் மூஞ்சியில ஒரு சந்தோசம் பாருங்க சார். அத்த பாத்தா நீங்களும் தூக்கிருப்பீங்க.

அண்ணனுக்கு எப்டி தெரியலன்னு கேக்கறீங்களா? பாடறவரு கால்கிட்ட ஒரு ஸ்பீக்கரு இருக்கும், அவரு மூஞ்சிய பாத்த மாதிரி. தன் குரல அவரு அதுல தான் கேப்பாரு. அதுல இன்னா வரணும்ங்கறதும் இந்த ரெண்டு வெரலு தான். அதுலயும் டிசம்பர் குரலையே வுட்டேன். சத்தத்துல தலையாட்டிக்கினே பாடுவாரு. எறங்கி வந்து, "டேனி, தொண்ட இன்னிக்கி செட் ஆயிடிச்சி மேன்"பாரு. "நீங்க வயச கொறச்சிக்கினு போறீங்கண்ணே, டோரீன் அக்காவுக்கு சந்தேகம் வரப் போவுது"ம்பேன். டோரீன் அக்கா அண்ணன் சம்சாரம்.

அஞ்சி செகண்டு அப்டியே ஒரு வரி ஆச்சு. வரி பாதிப் பாட்டாச்சு. ஜூன் மாசத்துல பாடும்போது அவரு மைக்க முழுசா மூடிடுவேன். நடுவுல பேசுவாருல்ல, வணக்கம் கிணக்கம், ஜோக்கு, அப்ப தொறப்பேன். பாட்டு ஆரம்பிச்சா மூடிடுவேன். எங்க மூச்சு வாங்குவாரு, எங்க இருமுவாரு, எல்லாம் எனக்கு அத்துப்படி. பத்தொம்போது வருசம் குடித்தனம் பண்ண மாதிரி.

ரூபன் மட்டும் மோப்பம் புடிச்சிட்டான். கிட்டாருகாரன், காது கூர்மை. ஒரு நாளு மாடிப்படியில நிறுத்தி, "தணிகாண்ணா, இது தப்பு. அவர்கிட்ட சொல்லிடுங்க"ன்னான். "நீ கம்பிய மட்டும் சொறி, என்னை சொறியாத"ன்னேன். அவனுக்கு வயித்தெரிச்சல் சார். அண்ணனுக்கு தட்டறாங்க, இவனுக்கு யாரு தட்டறான்?

டீ சொல்லட்டா சார்? வேணாமா. இருங்க, போனு. ஷார்மேன், அண்ணன் பொண்ணு... ஹலோ, சொல்லும்மா. வந்துக்கினே இருக்கேன்மா. வண்டி லேட்டும்மா, பேசின் பிரிட்ஜிலயே நிறுத்தி வச்சிட்டான். ஆங், எடுத்தாரேன், எடுத்தாரேன். அப்பாவ சாப்ட சொல்லு.

இன்னா சார் அப்டி பாக்கறீங்க? பொய்யி தான். உங்க வண்டியும் லேட்டு தான, பாதி உண்ம.

சரி, ஜூனு. டோரீன் அக்கா எனக்கு போன் பண்ணாங்க. "டேனி, வூட்ல இவரு பேசினா காத்தா வருது மேன். அங்க மட்டும் எப்டி பாடறாரு? உண்ம சொல்லு"ன்னாங்க. நான் இன்னான்னு சொல்ல? "பாட்டு தேனா வருதுக்கா. எல்லாத்தையும் இங்க செலவு பண்ணிடறாரு, வூட்டுக்கு மிச்சம் வைக்கறதில்ல போல"ன்னு கலாய்ச்சேன். சிரிக்கல. "திங்கக்கெழம தொண்ட டாக்டர்கிட்ட நேரம் வாங்கிருக்கேன். நீயும் அவருக்கு சொல்லு"ன்னாங்க. "சொல்றேன்க்கா"ன்னேன்.

அதுக்கு முந்தின சனிக்கிழம தான் சார் நான் சொல்ல வந்த சனிக்கிழம. ஏழு மணிக்கே கூட்டம் தாங்கல. ஏதோ கம்பெனில யாரோ ரிட்டையராம், அம்பது பேரு. ரயிலு பாட்டு நாலாவதா போட்டேன். அந்த எஞ்சினு ஊதற எடம் வந்துச்சி பாருங்க... அம்பது பேரும் எழுந்து நின்னுட்டான். ஒரு வெள்ளக்காரத் தாத்தா, தனியா குந்தினு இருந்தவரு, மேடைக்கே வந்து அண்ணன கட்டிப் புடிச்சி அழுதாரு. நான் பத்தொம்போது வருசத்துல பாத்ததில்ல. அப்புறம் பாட்டு மேல பாட்டு, மொத்தம் பதினொண்ணு. ஒவ்வொண்ணுக்கும் தட்டறான், தட்டறான், நிறுத்தவே இல்ல.

முடிச்சிட்டு அண்ணன் நேரா என்கிட்ட வந்தாரு. தொப்பிய கழட்டி கையில வச்சிக்கினு. வேர்த்து ஊத்துது. "டேனி, எப்டி மேன் இருந்துச்சி?"ன்னாரு. குரலே இல்ல, வெறும் காத்து. "தேனுண்ணே"ன்னேன். "நெஜமாவா?"ன்னாரு. "சத்தியமா"ன்னேன். கொஞ்ச நேரம் என் மூஞ்சியவே பாத்துக்கினு நின்னாரு. அப்புறம், "நீ சொன்னா சரி மேன்"னாரு.

திங்கக்கெழம டாக்டர்கிட்ட போவல. "டேனியே நல்லா இருக்குன்னுட்டான், டாக்டர் இன்னா சொல்றது"ன்னு அக்காகிட்ட சொன்னாராம். அத்த கேட்டு எனக்கு எவ்ளோ பெருமையா இருந்துச்சி தெரியுமா? ஒரு டாக்டர விட என் பேச்ச நம்பறாரு ஒரு மனுசன். மூணாங்கிளாசு நானு.

இப்டியே ஜனவரி வரைக்கும் ஓட்டிட்டேன். எட்டு மாசம். நல்லா கணக்கு போடுங்க சார், எட்டு மாசம் ஒரு மனுசன மேடையில நிக்க வச்சிருக்கேன். இத்த எவனும் சொல்ல மாட்டேங்கறான்.

ஜனவரில ஷார்மேனுக்கு கல்யாணம். இங்க தான், சர்ச்சுல. பொண்ணு சின்ன வயசுலேர்ந்து கேட்டிருக்கு, "என் கல்யாணத்துல டாடி பாடணும்"னு. சர்ச்சுல இன்னா இருக்கு? ஒரு ஆர்கன், ஒரு மைக்கு. என் லேப்டாப்புக்கு அங்க இன்னா வேல? எனக்கு ஒரு வாரமா சோறு எறங்கல. "அண்ணே, பொண்ணு கல்யாணத்துல அப்பா அழுவாரு, பாடுவாரா? வேற யாரனா பாட சொல்லுங்க"ன்னு சொல்லிப் பாத்தேன். "ஜூன்ல எப்டி பாடினேன் பாத்த இல்ல மேன்? அதுல பாதி போதும்"னாரு.

கடைசி பெஞ்சில குந்தினேன். கோட்டு சூட்டு போட்டுக்கினு அண்ணன் மைக்குக்கு முன்னாடி வந்து நின்னாரு. ஆர்கன் ஆரம்பிச்சிது. வாய தொறந்தாரு.

ஒண்ணும் வரல சார்.

காத்து. பஞ்சர் ஆன டியூப்புல வருமே, அந்த காத்து. ஆர்கன்காரரு நிறுத்திட்டு மறுபடி ஆரம்பிச்சாரு. மறுபடி வாய தொறந்தாரு. காத்து. அண்ணன் மைக்க தட்டிப் பாத்தாரு. டொக்கு டொக்குன்னு சர்ச்சு பூரா கேட்டுது. அப்புறம் தலைய தூக்கி, அத்தினி பேருக்கு நடுவுல என்ன தேடிப் புடிச்சாரு. என்ன பாத்து கையால கேட்டாரு, இப்டி, மைக்க காட்டி. மைக்கு ஆன்ல இருக்கா?

ஆன்ல தான் சார் இருந்துச்சி.

வெள்ள டிரெஸ்ஸோட அந்தப் பொண்ணு எறங்கி வந்து அப்பா கைய புடிச்சி இட்டுக்கினு போச்சு. ஜனம் நெனச்சிது, பொண்ண அனுப்பற துக்கத்துல தொண்ட அடச்சிடிச்சின்னு. பாதிப் பேரு அழுதாங்க. நானும் அழுதேன், அவங்களுக்கு வேற அழுக, எனக்கு வேற அழுக.

அப்புறம் தான் பெரிய ஆஸ்பத்திரி. தொண்ட உள்ள கட்டி. எட்டு மாசம் முன்னாடி வந்திருந்தா கரண்ட் வச்சே, அதான் ரேடியேஷன், சரி பண்ணிருக்கலாம், குரலும் நின்னுருக்கும்னானாம் டாக்டரு. டாக்டருங்க அப்டி தான் சார் சொல்லுவாங்க. எப்ப போனாலும் முன்னாடியே வந்திருக்கணும்பான். காலையில போனா நேத்து ராத்திரி வந்திருக்கணும்பான். குரல் பொட்டியவே எடுத்துட்டாங்க. கழுத்துல ஒரு ஓட்ட போட்டு வச்சிருக்காங்க, அது வழியா தான் மூச்சு. மேல ஒரு துணி.

ரூபன் போய் வச்சிட்டான் வத்தி. ஆஸ்பத்திரில டோரீன் அக்காகிட்ட எல்லாத்தையும் சொல்லிருக்கான். நான் ஆரஞ்சு பழம் வாங்கினு போறேன், வார்டு வாசல்ல நின்னுக்கினு இருக்காங்க. எட்டு கெஜம் தூரத்துலயே கைய காட்டி நிறுத்திட்டாங்க.

"அக்கா, நான் அவருக்கு நல்லதுக்கு தான்..."

"ஒண்ணும் பேசாத மேன். நான் உன்ன கேட்டேன். போன் பண்ணி கேட்டேன். தேனுன்ன. போ. உன் மூஞ்ச இனிமே நான் பாக்கக் கூடாது."

எனக்கு ஆத்தாமையா இருந்துச்சி சார். பழத்த அங்கயே பெஞ்சில வச்சிட்டு வந்துட்டேன். எட்டு மாசம் அவரு மானத்த காப்பாத்தினவன் நானு, எனக்கு இந்த மரியாத. கெடுத்தது கட்டி. நானா வச்சேன் கட்டிய? அன்னியிலேர்ந்து நாலு தபா இந்த ஸ்டேசன்ல எறங்கினேன். நாலு தபாவும் கதவு தொறக்கல.

மூணு வாரம் முன்னாடி ஷார்மேன் போன் பண்ணிச்சி. "டாடி உங்கள பாக்கணும்ங்கறாரு அங்கிள்"னிச்சி. பறந்து வந்தேன். டோரீன் அக்கா கதவ தொறந்துட்டு உள்ள போயிட்டாங்க, மூஞ்சிய பாக்கல. அண்ணன் சன்னல் ஓரமா நாற்காலில. எளச்சி பாதி ஆளா கெடக்காரு. தொப்பி மட்டும் தலையில. "இன்னாண்ணே, வூட்டுக்குள்ள வெய்யிலா அடிக்குது?"ன்னேன். சிரிச்சாரு. சத்தம் வராத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்குது. அத்த பாக்க முடியல சார்.

புள்ளைங்க எழுதி எழுதி அழிக்கும் பாருங்க வெள்ளப் பலக, அதுல தான் அவரு பேச்சு. இங்கிலீசுல எழுதினாரு. ஷார்மேன் படிச்சிச்சி. "எப்பலேர்ந்து?"ன்னு எழுதிருக்காரு.

அவ்ளோ தான். திட்டல, அடிக்கல. எப்பலேர்ந்து.

நான் பாத்தேன். அந்தக் கண்ணு என் மேலயே இருக்கு. மே மாசத்துலேர்ந்துன்னு சொன்னா இன்னா மிச்சம் இருக்கும் அவருக்கு? "கடைசில தாண்ணே. போன டிசம்பர்ல. அதுவும் ஒரு பாட்டு ரெண்டு பாட்டு, அங்கங்க"ன்னேன். அழிச்சாரு. மறுபடி எழுதினாரு. ஷார்மேன் படிச்சிச்சி. "ஜூன்ல அந்த சனிக்கிழம பாடினது நானா?"

"நீங்க தாண்ணே. முழுசா நீங்க தான். அம்பது பேரு எழுந்து நின்னது உங்களுக்குத் தான்"னேன்.

சட்டக் கையாலயே பலகைய அழிச்சாரு. அப்புறம் ஒண்ணு எழுதினாரு. "அந்த சனிக்கிழம ரிக்கார்டு இருந்தா எடுத்துக்கினு வா."

மாட்டினேனா சார்? சும்மா எடுத்தாந்து போட முடியுமா? அன்னிக்கு ஸ்பீக்கர்ல வந்தது டிசம்பர் குரலு. அந்த டிசம்பர் பாட்டு பூரா அவரு வூட்ல இருக்கு, நான் தான் குடுத்தேன். அவரு காது இன்னா காது! மூச்சுக்கு மூச்சு ஒண்ணா இருக்குன்னு ரெண்டாவது வரியிலயே புடிச்சிடுவாரு. அதான், வேல பண்ண வேண்டியதா போச்சு. மூணு வாரமா அது தான் வேல.

எப்டின்னா, மைக்க நான் மூடி வச்சாலும் ஸ்பீக்கருக்கு தான் போவாது. கம்பி வழியா வந்தது வந்த மாதிரியே என் பொட்டி தனியா பதிஞ்சி வச்சிக்கும். அவரு அன்னிக்கு நெஜமா பாடினது அதுல இருக்கு. அதுலேர்ந்து கொஞ்சம் மூச்சு, கொஞ்சம் கொரகொரப்பு எடுத்து டிசம்பர் குரலு மேல தூவினா வேற மாதிரி ஆயிடும், கறி மசாலா மாத்தற மாதிரி. அந்த ஐடியால தான் ஒரு வருசம் கழிச்சி மொத தபா அந்த மைக்க தொறந்து கேட்டேன்.

நல்லா இல்ல சார். நான் பொய் சொல்லல. வறண்ட கொழாயி. அங்கங்க ஒரு சொட்டு குரலு, மீதி காத்து. நடுவுல இருமல முழுங்கறாரு. ஸ்பீக்கர்ல தேனா ஓடிக்கினு இருந்த அதே நேரத்துல அந்த மனுசன் இப்டி பாடிக்கினு இருந்திருக்காரு, அஞ்சடி தூரத்துல நான் குந்தினு தாளம் போட்டுக்கினு இருக்கேன்.

சரி, வேலைன்னு வந்தா வேல தான, எடுத்து எடுத்து தூவிக்கினே வந்தேன். நாலாவது பாட்டு, ரயிலு பாட்டு. அதுல நடுவுல ரூபன் தனியா கிட்டாரு வாசிப்பான், முக்காலு நிமிசம், அண்ணன் சும்மா நிக்கணும். அன்னிக்கு அவரு என் பக்கம் திரும்பி நின்னாரு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. மைக்க வாய்கிட்ட வச்சிக்கினு ஒதடு ஆடிச்சி. கிட்டாருகூட சேந்து முணுமுணுக்கறாரு, செம மூடுல இருக்காருன்னு நெனச்சேன். கட்ட வெரல தூக்கிக் காட்டினேன்.

இப்ப கேக்கறேன். "டேனி. ரொம்ப வலிக்குது மேன். இதோட நிறுத்திடு."

கொஞ்சம் காத்து. ரூபன் கிட்டாரு தூரத்துல கேக்குது. அப்புறம் இன்னொரு தபா. "டேனி, ப்ளீஸ் மேன்."

நான் வெரல தூக்கிக் காட்டினேன் சார். பாட்டு முடிஞ்சிது, அந்த வெள்ளக்காரத் தாத்தா அழுதாரு, அம்பது பேரும் தட்டினான். நான் அடுத்த பாட்ட போட்டேன். லேப்டாப்பு ஓடிச்சின்னா அவரு நின்னு தான ஆவணும்? அதுக்கப்புறம் ஏழு பாட்டு.

மூடி வச்ச மைக்குல பேசினா எனக்கு எப்டி கேக்கும்? நீங்களே சொல்லுங்க. கேட்டிருந்தா நிறுத்திருக்க மாட்டேனா?

அந்த எடத்த வெட்டிட்டேன். இருவது செகண்டு. அத்த அவரு கேட்டா மனசு நோவும்ல? வெட்டின எடம் பள்ளமா தெரியக் கூடாதுன்னு, அன்னிக்கு அம்பது பேரு தட்டினாங்கல்ல, அந்த கைதட்டல எடுத்து அங்க ஒட்டிட்டேன். கிட்டாரு நடுவுலயே ஜனம் தட்டற மாதிரி வந்திருக்கு. வேல சுத்தம் சார். ரூபனே வந்து கேட்டாலும் கண்டுபுடிக்க மாட்டான்.

எல்லாம் முடிச்சி பையில போட்டுக்கினு காலையில வண்டி ஏறிட்டேன். ஏறி குந்தினதுலேர்ந்து தான் ஒண்ணு அரிக்குது. நிறுத்த சொல்லி வாய தொறந்து கேட்டவருக்கு தெரியும்ல, தான் கேட்டது? ஒரு வருசமா அவரு நெனச்சிக்கினு இருந்திருப்பாரு, டேனிகிட்ட சொன்னேன், டேனி கேட்டுட்டு வெரல காட்டினான்னு. எறங்கி வந்து என் மூஞ்சிய அவ்ளோ நேரம் பாத்தாரே. அப்ப கூட ஏன் நிறுத்தலன்னு வாய தொறந்து கேக்கல.

அவரு பாடினது எத்தினி சனிக்கிழம சார். பத்தொம்போது வருசத்து சனிக்கிழம. அத்தினியும் வுட்டுட்டு அந்த ஒண்ண கேக்கறாரு. ஜனம் எழுந்து நின்ன நாளு, அதான் கேக்கறாருன்னு நானும் நெனச்சேன்.

உங்க வண்டி சிக்னல் போட்டுட்டான் சார், குக்கர எடுங்க. போறதுக்கு முன்னாடி அத்த மட்டும் சொல்லிட்டு போங்க. கைதட்டினத கேக்கறதுக்கு தான அந்த ரிக்கார்ட கேக்கறாரு?